‘பார்த்துத் தாங்க’ என்றால் அது கூலியாகுமா?

2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டு வாரமிருக்கும். மஃரிப் தொழுகை முடிந்து வெள்ளவத்தைப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக் கொண்டிருந்த போது, எனது பழைய மாணவன் ஒருவன் வந்து ஸலாம் சொன்னான். தோளில் ஒரு கறுப்புப் பை தொங்கியது. முகம் வாடியிருந்தது. “மௌலவி, ஒரு மஸ்அலா கேக்கணும்” என்றான். இருவருமாகக் காலி வீதியைக் கடந்து, கடற்கரைப் பக்கமாக மரைன் டிரைவ் வரை நடந்தோம்.

“கலியாண வீட்டுக்குப் போட்டோ எடுக்க எவ்வளவு கேட்டா ஹலால்?”

உருவப்படம் பற்றிய சட்டத்தைத்தான் கேட்கிறான் என்று நினைத்து, நான் அதற்குரிய பதிலை மனதில் அடுக்கத் தொடங்கினேன். கெமரா எடுக்கும் படம் கையால் வரையும் உருவத்தைப் போன்றதல்ல, நிழலைப் பிடித்து வைப்பதே என்று எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ (ரஹ்) அவர்கள் எழுதியதும், அதனை ஏற்காத உலமாக்கள் இன்றும் இருப்பதும் உங்களில் பலர் அறிந்ததே. அந்தக் கதவை இங்கே திறக்கப் போவதில்லை. அவன் கேட்டதும் அதுவல்ல. அவன் கேட்டது விலையைத்தான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு படப்பிடிப்பாளரிடம் இரண்டு வருடம் உதவியாளனாக நின்று தொழில் பழகியவன் அவன். 2023இன் ஆரம்பத்தில் உம்மாவின் காப்புச் சோடியை விற்றும், கட்டாரில் இருக்கும் நானாவிடம் கடன் வாங்கியும் ஒன்பது இலட்சம் ரூபாவுக்குச் சாமான் வாங்கினான். பாவித்த கெமரா ஒன்று, லென்ஸ் இரண்டு, பிளாஷ், பற்றரிகள், மடிக்கணினி. முதல் கலியாணம் தெரிந்த குடும்பத்துடையது. “எவ்வளவு மகன்?” என்று கேட்டார்கள். வெட்கம். “பார்த்துத் தாங்க” என்றான். “சரி மகன், நீங்க நம்மட ஆள்தானே, பார்த்துச் செய்வோம்” என்றார்கள்.

காலை பத்து மணிக்கு மணமகள் வீட்டில் தொடங்கிய வேலை, நிக்காஹ், சாப்பாடு, வலீமா மேடை என்று இரவு பதினொன்றரைக்கு முடிந்தது. 3,200 படங்கள். அவற்றைத் தெரிந்து, நிறம் திருத்தி முடிக்க நான்கு இரவுகள். பிறகு அல்பம் கேட்டார்கள். பிறகு வெளிநாட்டிலுள்ள மாமாவுக்கு அனுப்ப ஒரு சிறு வீடியோ கேட்டார்கள். கடைசியில் கிடைத்த உறையில் 20,000 ரூபா இருந்தது. உதவிக்கு வந்த பையனுக்கு 5,000, ஓட்டோவுக்கு 3,500, அல்பத்துக்கு அச்சகம் கேட்டது 14,000. அதாவது, அவன் தன் கையிலிருந்து 2,500 ரூபா போட்டு அந்தக் கலியாணத்தை நடத்திக் கொடுத்திருக்கிறான்!

அடுத்தடுத்து நான்கு கலியாணங்கள். 25,000க்கு மேல் ஒன்றும் போகவில்லை. ஆறு மாதத்தில் உம்மா கேட்டிருக்கிறார், “மகன், காப்பு எப்ப வரும்?” என்று. சுப்பர் மார்க்கெட் ஒன்றில் காசாளர் வேலைக்கு விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டுத்தான் அவன் என்னிடம் வந்திருந்தான்.

சலவைக்காரரும் தையற்காரரும்

அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில், இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை மஹல்லீ விரிவுரையுடன் படித்தோம். அதில் இஜாரா, அதாவது கூலி ஒப்பந்தம் பற்றிய பாடத்தில் ஒரு மஸ்அலா வரும். ஒருவர் சலவைக்காரரிடம் வெளுக்கவோ தையற்காரரிடம் தைக்கவோ துணியைக் கொடுக்கிறார். கூலி பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. வேலை முடிந்துவிட்டது. கூலி உண்டா? ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்கப்பட்ட கருத்துப்படி, இல்லை! அந்தத் தொழிலுக்கென்றே அறியப்பட்டவராக இருந்தால் கொடுக்க வேண்டும் என்ற கருத்தும் உண்டு. அதுவே அழகானது என்ற சாய்வும் உண்டு. ஆனால் மூலச் சட்டம் அப்படித்தான். வாய் திறக்காதவர், இலவசமாகச் செய்தவர் போலாகி விடுகிறார்.

பதினாறு வயதில் இதைப் படித்த போது, ‘இது என்ன நியாயம்?’ என்று எங்களுக்குள் முணுமுணுத்தோம். உஸ்தாத் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அன்று மரைன் டிரைவில் ரயில் ஒன்று தண்டவாளத்தை அதிரச் செய்து போய்க் கொண்டிருந்த போதுதான், அந்த மஸ்அலாவின் கூர்மை எனக்கு விளங்கியது. ஏழு நூற்றாண்டுக்கு முன் திமிஷ்கில் வாழ்ந்த அறிஞருக்கு, கூச்சப்படும் தொழிலாளியையும் நன்றாகத் தெரிந்திருக்கிறது, அந்தக் கூச்சத்தில் வாழும் வாடிக்கையாளரையும் தெரிந்திருக்கிறது.

பிற்கால விரிவுரையாளர்கள் இன்னுமொரு படி சென்றார்கள். கதீப் ஷிர்பீனீ (ரஹ்) அவர்கள், வேலை கொடுப்பவர் ‘உன்னைத் திருப்திப்படுத்துவேன்’, ‘உன்னை ஏமாற்ற மாட்டேன்’ என்ற விதமாகச் சாடையாகச் சொல்லியிருந்தால், அப்போது ‘உஜ்ரதுல் மித்ல்’ கடமையாகும் என்கிறார். அதாவது, அதே வேலைக்கு அதே ஊரில் வழக்கமாகக் கொடுக்கப்படும் கூலி. நம் ஊர் ‘பார்த்துச் செய்வோம்’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டத்தை நான் காணவில்லை. பார்த்துச் செய்வோம் என்று சொன்ன குடும்பத்தவர் தம் மனம் போன தொகையை உறையிலிட்டு விட்டுப் பொறுப்பு முடிந்தது என்றிருக்க முடியாது. ஊர்க் கூலி அவர்கள் கழுத்தில் நிற்கிறது.

ஆனால் மாணவனுக்கு நான் சொன்னது வேறு. “அவங்கட பொறுப்பு அவங்களோட. உனக்கு வாய் இருக்கு. வேலையைத் தொடங்க முந்தி தொகையைச் சொல்லு.” கூலிக்கு ஆளமர்த்துபவர் கூலியை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும் என்பது அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களின் சொல்லாக நஸாயீயில் பதிவாகியுள்ளது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு வரும் நபிமொழியை மேடைதோறும் சொல்கிறோம். எவ்வளவு என்று தெரியாத கூலியை வியர்வை உலருமுன் எப்படிக் கொடுப்பது?

கொப்பியில் இருந்த கணக்கு

“எவ்வளவு எண்டு சொல்லுறது? அதுதானே தெரியல்ல” என்றான். நியாயமான கேள்வி. ஃபிக்ஹ் கிதாபு தொகையைச் சொல்லித் தராது. அடுத்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவனுடைய வீட்டுக்குப் போனேன். உம்மா தேநீர் தந்தார். ஒரு பாடசாலைக் கொப்பியை விரித்து மூவருமாக உட்கார்ந்தோம்.

சாமான் 9 இலட்சம். நான்கு வருடம் உழைக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 2,25,000. இந்த ஒரு வரியை அவன் அதுவரை எழுதியதே இல்லை. கையில் கெமரா இருக்கிறது, அதனால் அதற்குச் செலவில்லை என்பது அவன் எண்ணம். உண்மையில் அது கரையும் சவர்க்காரத்தைப் போன்றது. நடுத்தரக் கெமராக்களின் ஷட்டர் ஒன்றரை, இரண்டு இலட்சம் அழுத்தங்களைத் தாங்கும் என்று செய்பவர்களே அளவு சொல்கிறார்கள். கலியாணத்துக்கு 3,200 என்றால் இரண்டு இலட்சம் என்பது சுமார் அறுபது கலியாணம். அதன் பிறகு உடனே நின்றுவிடாது. ஆனால் செலவு வாசலில் வந்து நிற்கிறது என்று பொருள்.

ஆகவே பழுதுபார்ப்பு, புதிய பற்றரி, படங்களை இரட்டைப் பிரதியாகச் சேமிக்க ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றுக்குமாக 60,000. மென்பொருள் சந்தா 45,000. தொலைபேசி, இணையம், மின்சாரத்தில் தொழிலுக்குரிய பங்கு மாதம் பத்தாயிரமாக 1,20,000. தொழிலின் வருடச் செலவு ஆக 4,50,000 ரூபா. இதில் ஒரு ரூபாவும் அவன் வயிற்றுக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிறகு வீடு. வாடகையில் அவன் பங்கு, சாப்பாடு, உம்மாவின் மருந்து, நானாவின் கடன் தவணை. மாதம் ஒரு இலட்சம் என்று உம்மாவே சொன்னார். “கூடச் சொல்லல்ல மௌலவி, கடையில சாமான் விலை உங்களுக்குத் தெரியும்தானே.” வருடத்துக்கு 12 இலட்சம். மொத்தம் 16,50,000.

இதை எத்தனை கலியாணத்தால் பிரிப்பது? அவன் உற்சாகமாக “ஐம்பது” என்றான். நாட்காட்டியை எடுத்தோம். ரமழானில் நமது கலியாணங்கள் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் தமிழர் வீடுகளில் இல்லை. வெள்ளவத்தையில் தொழில் செய்பவனுக்கு இரண்டு நாட்காட்டியும் முக்கியம். எஞ்சிய மாதங்களிலும் எல்லோரும் கேட்பது அதே சனி, ஞாயிறு, போயா விடுமுறை. புதியவன் ஒருவனுக்கு முப்பது கிடைத்தாலே அல்ஹம்துலில்லாஹ். 16,50,000ஐ முப்பதால் பிரித்தால் 55,000.

ஐம்பத்தையாயிரம்! அதற்கு மேல்தான் உதவியாளன் சம்பளம், போக்குவரத்து, அல்பம். அவன் அதுவரை வாங்கியதோ அதில் பாதிகூட இல்லை. 25,000 படி முப்பது கலியாணம் செய்தால் ஏழரை இலட்சம். தொழிற்செலவு நாலரை இலட்சம் போக எஞ்சுவது மூன்று இலட்சம். மாதம் 25,000. சுப்பர் மார்க்கெட் காசாளர் வேலை ஏன் அவனுக்கு அழகாகத் தெரிந்தது என்பது எனக்கு விளங்கியது.

கொப்பியைப் புரட்டிய போது பழைய பக்கமொன்று கண்ணில் பட்டது. அந்த ஆறு மாதத்தில் செய்த வேலைகளின் பட்டியல். ஐந்து கலியாணங்களுக்கும் நேரே வாங்கிய தொகை. ஆறாவது வரியில் இப்படி இருந்தது: ‘மௌலவிட மத்ரஸா – 0’.

நான்தான் அவனை அழைத்தேன். நான் மாலையில் ஓதிக் கொடுக்கும் மத்ரஸாவின் பரிசளிப்பு விழா. காலை எட்டு முதல் பிற்பகல் நான்கு வரை நின்று எடுத்தான். முடிவில் ஒரு சோற்றுப் பார்சலும், துஆவும், ‘அல்லாஹ் பரக்கத் செய்வான் மகன்’ என்ற வார்த்தையும் கொடுத்தனுப்பினேன். அதே நாளில் வந்த ஒரு கலியாண வேலையை எனக்காக அவன் மறுத்திருந்தான் என்பதை உம்மாதான் சொன்னார்; அவன் “சும்மா இருங்க உம்மா” என்று தடுத்தான். தேநீர் ஆறிப் போயிற்று. மின்ஹாஜை ஓதியவன் நான். சலவைக்காரரின் துணியை வாங்கிக் கொண்டு போனவனும் நான்தான்.

சுருள் போனது, செலவு மறைந்தது

நம் சமூகம் இவ்விஷயத்தில் மோசமான சமூகம் என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர்களின் கண்ணுக்குத் தெரிந்த செலவுக்குத்தான் காசு கொடுக்க மனம் வருகிறது. 1994இல் என் மூத்த சகோதரியின் கலியாணம் நடந்த போது படப்பிடிப்பாளர் நான்கு பிலிம் சுருள்கள் கொண்டு வந்தார். சுருளுக்கு 36 படம். ஒவ்வொரு முறை அவர் விசையை அழுத்தும் போதும் வாப்பாவுக்குக் கணக்கு ஓடியது. சுருளின் விலை, கழுவும் விலை, அச்சின் விலை எல்லாம் ஸ்டூடியோப் பலகையில் எழுதியிருந்தது. “போதும் தம்பி, சாப்பாட்டு மேசைக்கு ரெண்டு படம் வையுங்க” என்று வாப்பா சொன்னது நினைவிருக்கிறது.

டிஜிட்டல் வந்ததும் சுருள் போனது. அழுத்துவதற்குக் காசில்லை என்றாயிற்று. 144 படம் எடுத்த இடத்தில் 3,200 எடுக்கிறார்கள்; அதைத் தெரிந்தெடுக்கும் நான்கு இரவுகளை எவரும் காண்பதில்லை. வாடிக்கையாளர் காண்பது மேடையருகே நிற்கும் ஒரு பையனை மட்டுமே. தன் கையிலும் ஒரு தொலைபேசி, அதிலும் கெமரா. ‘கிளிக் பண்ணுறதுக்கு ஐம்பத்தையாயிரமா?’ என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. ஆகவே விலையைச் சொல்லும் போது எத்தனை மணித்தியாலம் நிற்பேன், எத்தனை நாள் திருத்துவேன், எத்தனை படம் கையில் தருவேன் என்பதைச் சேர்த்துச் சொல்லுமாறு அவனுக்கு ஆலோசனை சொன்னேன்.

இன்னொன்று, பழைய விலைப்பட்டியல். தன் குருவின் 2021ஆம் ஆண்டுப் பட்டியலைப் பார்த்து, அதிலும் குறைத்து அவன் விலை சொல்லியிருந்தான். இடையில் 2022 வந்து போனதை மறந்துவிட்டான். மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 வரை போனது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். கெமராவும் லென்ஸும் கப்பலில் வருபவை. 2021இன் விலையில் 2023இல் வேலை செய்வதென்பது, பழைய விலைக்குப் பருப்பு விற்கும் கடைக்காரரின் நிலைதான்.

நாளா, வேலையா?

கூலி ஒப்பந்தத்தில் பயன் ஒன்றில் காலத்தால் அளக்கப்பட வேண்டும், அல்லது வேலையால் அளக்கப்பட வேண்டும் என்பது நம் சட்டநூல்களின் அடிப்படை. இரண்டையும் பிணைத்து, ‘இந்தத் துணியை இன்றைய பகலுக்குள் தைக்க’ என்று அமர்த்தினால், சரியான கருத்துப்படி அது செல்லாது என்கிறது மின்ஹாஜ். வேலை முன்னதாக முடியலாம், பகல் முன்னதாக முடியலாம்; பிறகு சண்டை.

கலியாணப் படப்பிடிப்பின் சண்டைகளில் பாதி இதுதான். “ஒரு நாளைக்கு இவ்வளவு” என்று இவன் நினைக்கிறான். “முழுக் கலியாணத்துக்கு இவ்வளவு” என்று அவர்கள் நினைக்கிறார்கள். மருதாணி இரவும் கலியாணத்தில் சேருமா? மறுநாள் மாப்பிள்ளை வீட்டு விருந்து? மண்டபத்தில் மணமகள் இரண்டு மணித்தியாலம் தாமதமாக வந்தால் அந்த நேரம் யாருடையது? ஆகவே, ‘காலை பத்து முதல் மாலை ஆறு வரை இவ்வளவு; அதற்கு மேல் மணித்தியாலத்துக்கு இவ்வளவு. அல்பம் வேறு விலை, வீடியோ வேறு விலை’ என்று ஒரு தாளில் எழுதினோம். காலி வீதியில் சேலை பிளவுஸ் தைக்கும் கடைகளில் சாதாரணம் இவ்வளவு, லைனிங் வைத்தால் இவ்வளவு என்று தனித்தனியாக விலை சொல்கிறார்களே, யாராவது கோபிக்கிறார்களா?

முற்பணத்தைப் பற்றியும் கேட்டான். நாள் குறித்து, மற்ற வேலையை விட்டுவிட்ட பிறகு, ‘கலியாணம் தள்ளிப் போச்சு’ என்றால் முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? இதில் உலமாக்களிடையே அபிப்பிராய பேதமுண்டு. ‘அர்பூன்’ எனப்படும் இத்தகைய முன்பணத்தைப் பிடித்து வைத்துக் கொள்வதை ஷாஃபிஈ உட்படப் பெரும்பாலான இமாம்கள் ஏற்கவில்லை. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, தவணை குறிக்கப்பட்டிருந்தால் ஆகும் என்று தீர்மானித்தது. கூலி ஒப்பந்தத்தையும் அதில் சேர்த்தது. எந்த நிபந்தனையானாலும் எழுதியிருக்க வேண்டும். அதற்காகப் பேரிடரிலும் அதைப் பிடித்துக் கொண்டிருப்பது மனிதத் தன்மையல்ல. 2020 மார்ச் 20இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்த போது குறித்திருந்த கலியாணங்கள் நின்றன. அது எந்த வீட்டாரின் குற்றமுமல்ல. அப்படியான நிலையில் முற்பணம் புதிய நாளுக்கு மாறும் என்று தாளில் ஒரு வரி சேர்த்தோம்.

ஒரு படம், பல பாவனை

கலியாணம் மட்டுமல்ல. வெள்ளவத்தைப் புடவைக் கடையொன்று அவனிடம் ஐம்பது சேலைகளைப் படமெடுக்கச் சொல்லியிருந்தது. பிறகு அதிலொரு படம் கடை வாசலில் ஆளுயரப் பதாகையாகத் தொங்கியதைப் பார்த்துவிட்டுப் பெருமையுடன் எனக்குக் காட்டினான். அந்தப் பாவனைக்குத் தனிக் கூலி கேட்டாயா என்றேன். அப்படியொன்று உண்டா என்று திகைத்தான்.

உண்டு. கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் ஸ்டூடியோவில் முகப்படம் எடுத்ததோடு நிற்கவில்லை. இலங்கைக் காட்சிகளைத் தபால் அட்டைகளாக அச்சிட்டுப் பெருமளவில் விற்றது. ஒரு முறை எடுத்த படம், பல முறை வருமானம். 1947இல் ரொபர்ட் காப்பா, கார்த்தியே பிரெஸ்ஸோன் முதலியோர் சேர்ந்து மேக்னம் என்ற கூட்டுறவு அமைப்பை நிறுவியதன் முக்கிய நோக்கமே, படத்தின் உரிமை பத்திரிகைக்கல்ல, எடுத்தவருக்கே இருக்க வேண்டும் என்பதுதான். நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் புகைப்பட ஆக்கங்களைப் பதிப்புரிமைக்குள் சேர்த்திருக்கிறது. இத்தகைய உரிமைகள் ஷரீஅத்தில் மதிக்கப்பட வேண்டியவை என்று 1988இல் குவைத்தில் கூடிய ஃபிக்ஹ் அகடமியும் கூறியிருக்கிறது.

ஆகவே கடைகளுக்கு விலை சொல்லும் போது, படம் எங்கே, எவ்வளவு காலம் பாவிக்கப்படும் என்று கேட்க வேண்டும். கடையின் பட்டியலுக்கு ஒரு விலை, வீதிப் பதாகைக்கு வேறு விலை. அதே வேளை, கலியாண வீட்டுப் பெண்களின் படத்தைத் தன் விளம்பரத்துக்கு இவன் போடுவதானால் அவர்களிடம் அனுமதி பெற வேண்டும். அதை விலையில் ஒரு தள்ளுபடியாகப் பேரம் பேசுவதைக்கூட நான் விரும்பவில்லை. அது மானம் சம்பந்தப்பட்டது.

இங்கே சகோதரிகளுக்கும் ஒரு சொல். நமது கலியாணங்களில் பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளர்களைத் தேடுகிறார்கள், கிடைப்பது அரிது. என் உறவுக்காரப் பிள்ளையொருத்தி இதைச் செய்கிறாள். ஆண்களைவிடக் குறைத்துக் கேட்பதே அடக்கம் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். தேவை கூடியும் ஆள் குறைந்தும் இருக்கும் வேலைக்கு ஏன் குறைத்துக் கேட்க வேண்டும்? இரவு பதினொரு மணிக்கு அவளைப் பத்திரமாக வீடு சேர்க்கும் வாகனச் செலவும் அவள் விலைக்குள் வர வேண்டியதே.

ஊர்க் கூலி எது?

கொப்பியில் வந்த 55,000 அவன் கீழிறங்கக் கூடாத எல்லை. ஊர் எவ்வளவு கொடுக்கிறது என்பது வேறு விஷயம். மதீனாவில் விலையேறிய போது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்டியதையும், நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்காததையும் அனஸ் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் காண்கிறோம். ஆகவே இவ்வளவுதான் என்று நான் சொல்ல முடியாது. போய் விசாரி என்றேன்.

தெஹிவளை முதல் கொட்டாஞ்சேனை வரை ஏழு பேரிடம் கேட்டான். இருவர் மட்டுமே தொகையைச் சொன்னார்கள். மற்றவர்கள் ‘அது ஆளைப் பொறுத்தது’ என்றார்கள். இந்த இரகசியம்தான் புதியவர்களைக் கெடுக்கிறது. ஊர்க் கூலி எதுவென்று எவருக்கும் தெரியாவிட்டால், உஜ்ரதுல் மித்ல் என்ற சட்டத்தையே நடைமுறைப்படுத்த முடியாது. பெயரெடுத்தவர்கள் சற்று மனம் வைத்தால், பின்னால் வரும் பையன்கள் உம்மாவின் காப்பை விற்றுத் தொழில் படிக்க வேண்டியதில்லை. பேசி முடிந்த வேலைக்குள் புகுந்து, ‘நான் பத்தாயிரம் குறைத்துச் செய்கிறேன்’ என்று கெடுப்பதோ, சகோதரன் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் பேசுவதாகும். அது தடுக்கப்பட்டிருக்கிறது. இதை அவன் செய்ததில்லை. ஆனால் குறைந்த விலைக்குப் பெயர் போனவர்களைத் தேடி இந்த வேலை தானாக வரும் என்று எச்சரித்தேன்.

உறவினருக்கும் ஏழைக்கும் குறைக்கக் கூடாதா என்று கேட்டான். தாராளமாகக் குறை. இலவசமாகவும் செய். ஆனால் முழு விலையை எழுதி, அதன் கீழே ‘அன்பளிப்பு’ என்று கழித்து, மீதியை எழுது. கூலி கூலியாகவும் ஹதியா ஹதியாவாகவும் இருக்கட்டும். வாங்குபவருக்கும் தாம் பெற்றது என்னவென்று தெரிய வேண்டுமல்லவா?

அடுத்த அழைப்பு ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்திடமிருந்து வந்தது. 65,000 என்று சொல்லிவிட்டு வாயை மூடிக் கொண்டிருந்ததாகச் சொன்னான். மறுபக்கம் மௌனம். பிறகு, “யோசிச்சுச் சொல்லுறம் தம்பி” என்று வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் அவன் தூங்கவில்லை. மூன்றாம் நாள் முற்பணம் வந்தது. அதற்கடுத்த இருவர் வரவேயில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வருடம் முப்பது கிடைக்கவில்லை, இருபத்திரண்டுதான். கலியாணமில்லாத நாட்களில் புடவைக் கடைகள் கைகொடுத்தன. சுப்பர் மார்க்கெட் விண்ணப்பம் அந்தக் கொப்பிக்குள்ளேயே கிடக்கிறது.

பரிசளிப்பு விழாவுக்கான கூலியை ஓர் உறையிலிட்டு அவனிடம் கொண்டு போனேன். வாங்க மறுத்தான். உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருட விழாவுக்கு அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டு, மிகவும் பணிவாக, “எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் மௌலவி?” என்று கேட்டான்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்தேன்.